புழுக்கை சுமக்கும் கார்பன்

கடலில் மேலிருந்து ஆழத்துக்கு விழுவதைப் பிடிக்கும் வண்டல் பொறியின் முதல் குப்பி கப்பல் தளத்துக்கு வந்ததும் யாராக இருந்தாலும் செய்வது ஒன்றுதான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அடியில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்ப்போம். வங்காள விரிகுடாவில் ஆகஸ்ட் மாதக் குப்பியென்றால் சாம்பல் கலந்த பழுப்புச் சேறு இரண்டு விரற்கடை நிற்கும். ஏப்ரல் குப்பியில் நகக்கண் அளவு தேறினால் பெரிது.

வண்டல் பொறி என்பது ஒரு பெரிய புனல். வாய் அரை சதுர மீட்டர் இருக்கும். கழுத்துக்குக் கீழே வட்டத் தட்டில் குப்பிகள். குறித்த நாளில் மோட்டார் தட்டைத் திருப்பி அடுத்த குப்பியைக் கொண்டுவரும். விழுந்ததை பாக்டீரியா தின்றுவிடாமல் இருக்க ஃபார்மலினோ வேறு நஞ்சோ கலந்த உப்புநீரை ஊற்றித்தான் இறக்குவோம். ஒரு முறை தட்டு நடுவில் சிக்கிக்கொண்டது. மாதக்கணக்கில் விழுந்ததெல்லாம் ஒரே குப்பியில் குவிந்து, பாதி வருட உழைப்பு வீண். மோட்டார் சரியாக ஓடினாலும் அடுத்த தலைவலி இருக்கிறது. தானாக நீந்தி உள்ளே வந்து செத்துப்போன சின்ன இறால் வகைகளை நுண்ணோக்கியில் பார்த்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அவை விழுந்தவை அல்ல, வந்தவை. நாலைந்தை விட்டாலும் கார்பன் கணக்கு பொய்யாகிவிடும்.

சரி, விழுவது என்ன? கடல் மேற்பரப்பில் மிதக்கும் நுண்பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 5000 கோடி டன் கார்பனை உடலில் சேர்க்கின்றன. நிலத்துச் செடிகொடிகள் எல்லாம் சேர்ந்து செய்வதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஆனால் ஒற்றைப் பாசி நாளுக்கு ஒரு மீட்டர் இறங்கினால் அதிகம். அதற்குள் யாராவது தின்றுவிடுவார்கள். செத்த பாசிகள் பிசினால் ஒட்டித் துணுக்குகளாகத் திரளும்போதுதான் வேகம் பிடிக்கிறது. கடற்பனி என்பது இதைத்தான். நாளுக்குப் பல பத்து மீட்டர், சில நேரம் நூறைத் தாண்டியும் இறங்கும். இதைவிட வேகமானது புழுக்கை. பாசியைத் தின்னும் மிதவைப் பிராணிகளின் கழிவு இறுகிய உருண்டையாக வெளியே வருகிறது. சால்ப் என்கிற ஜெல்லி போன்ற உயிரியின் கழிவு ஒரே நாளில் 1000 மீட்டர்கூடப் போய்விடும். சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் காற்றிலிருந்து வந்த கார்பனை ஆழத்துக்குச் சுமப்பதில் இந்தப் புழுக்கைக்குக் கணிசமான பங்கு உண்டு.

வழியெல்லாம் சேதாரம்தான். 100 மீட்டர் ஆழத்தில் நூறு ரூபாய் இறங்கியது என்று வையுங்கள். பசிபிக்கில் பொறி வைத்து அளந்து 1987இல் வெளியிட்ட வளைவின்படி, 1000 மீட்டரில் மிஞ்சுவது 14 ரூபாய், 2000 மீட்டரில் ஏழெட்டு. 200 மீட்டரில் சிதைந்தால் அந்தக் கார்பன் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ காற்றுக்குத் திரும்பிவிடும். 1000 மீட்டரைத் தாண்டினால் திரும்ப நூற்றாண்டுகள் ஆகும். அதனால் மேலே எவ்வளவு பச்சை என்று யாராவது பெருமைப்பட்டால், எனக்கு உடனே ஆழம்தான் நினைவுக்கு வரும்.

நம் இரண்டு கடல்களே இதற்குச் சாட்சி. கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனமும் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் 1980களின் பிற்பாதியில் இரண்டிலும் பொறி வைத்தன. தென்மேற்குப் பருவக்காற்றில் அடிநீர் மேலேறி அரபிக்கடல் பச்சையாகிறது. வங்காள விரிகுடாவிலோ ஆறுகளின் நன்னீர் மூடி போட்டதுபோல் மேலே நிற்பதால் அடியிலிருந்து சத்து ஏறுவதில்லை, விளைச்சல் மட்டு. ஆனாலும் ஆழத்துக்குப் போய்ச் சேரும் கார்பனில் அது அரபிக்கடலுக்கு இளைத்ததில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் களிமண் துகள் பாசித் துணுக்கில் ஒட்டி, தூண்டிலில் கட்டிய ஈயக்குண்டு போல இழுத்துப்போகிறது. ஆகஸ்ட் குப்பியின் அந்தச் சாம்பல் நிறம் அந்தக் களிமண்தான். கிருஷ்ணாவிலும் கோதாவரியிலும் அணைகளுக்குப் பின்னால் வண்டல் தேங்கி, கடலுக்கு வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அணை விவாதங்களில் இந்த ஈயக்குண்டைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், கடலில் பாசிக்குச் சத்தான இரும்புத்தூள் தூவி, பாசி வளர்த்து, காற்றிலிருந்து கார்பனை நீக்கியதாகக் கணக்குக் காட்டி கார்பன் கிரெடிட் விற்கலாம் என்று கிளம்பியிருக்கும் பேச்சு. 2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து தென்பெருங்கடலில் லோஹாஃபெக்ஸ் என்ற சோதனையைச் செய்தன. சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு இட்டார்கள். பாசி வளர்ந்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா குறைவு என்பதால் சிலிக்காவால் கண்ணாடி ஓடு கட்டும் டயாட்டம் என்ற பாசி பெருகவில்லை. வளர்ந்ததைத் துடுப்புக்காலிகள் என்ற சின்ன இறால் போன்ற மிதவைப் பிராணிகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போனது சொற்பம். டயாட்டம் பெருகிய 2004ஆம் ஆண்டுச் சோதனையிலோ விளைந்ததில் பாதிக்கு மேல் 1000 மீட்டரைத் தாண்டியது. அதே பெருங்கடல், அதே இரும்பு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே போட்டதை மட்டும் அளந்தால் போதாது, விழுந்ததையும் அளக்க வேண்டும்.

போன வருடம் ஒருவர் இப்படியொரு திட்டத்துக்கு ஆலோசகராக வரச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தார். "பொறி எந்த ஆழத்தில் வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "பொறி எதுக்கு சார், சாட்டிலைட் படத்துலயே பச்சையாத் தெரியுமே" என்றார்.