தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க தலைவரே

எங்க ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் ஒரு டெங்கு கேஸ். நாலு நாள் காய்ச்சல், அஞ்சாவது நாள் காய்ச்சல் விட்டுடுச்சு, சரியாயிடுச்சுன்னு வேலைக்குப் போயிட்டாரு, சாயங்காலம் வயித்து வலி, வாந்தி, கை காலெல்லாம் சில்லுன்னு ஆகி பிபி இறங்கி தூக்கிட்டு வந்தாங்க. பொழைச்சுட்டாரு. ஏம்மா முன்னாடியே ரத்தம் டெஸ்ட் பண்ணலன்னு வீட்டம்மாவ கேட்டா, "எங்க தெருவுல கட்சி மீட்டிங் போட்டு தலைவர் மைக்ல சொன்னாரு சார், இது டெங்கு இல்ல, சாதா காய்ச்சல்தான், யாரும் பயப்படாதீங்கன்னு."

எந்த லேப் ரிசல்ட்ட பாத்து அந்த தலைவர் சொன்னாரு? ஒண்ணும் கெடையாது. கூட்டத்துல யாரோ கேட்டாங்க, பதில் சொல்லியாகணும், சொல்லிட்டாரு. மழைக்காலம் வந்தா சென்னையில இதே கதைதான், கட்சி மட்டும் மாறும். புகை அடிச்சாச்சு, இனிமே கொசு வராதுன்னு ஒருத்தர் சொல்வாரு (புகையில சாகறது பறக்கற கொசு மட்டும்தான், மொட்டை மாடி டிரம்மு தண்ணியில இருக்கற கொசுப் புழுவுக்கு ஒண்ணும் ஆகாது).

இதுல எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது ஒரு நம்பிக்கைய பாத்துதான். தலைவர்னா எல்லாம் தெரிஞ்சிருக்கணும், தெரியாதுன்னு சொன்னா மரியாதை போயிடும், ஜனங்க பயந்துடுவாங்கன்னு படிச்சவங்களே சொல்றாங்க. தயவுசெஞ்சு ஒரு நாள் ஏதாவது ஆஸ்பத்திரி ஓபியில (வெளிநோயாளி பிரிவு) வந்து உக்காந்து பாருங்க. காய்ச்சல் வந்த ஆளுக்கு என்எஸ்1ங்கற டெங்கு ரத்த டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தாலும் டெங்கு இல்லவே இல்லன்னு எங்களால எழுதிக் கொடுக்க முடியாது. "இப்போதைக்கு சொல்ல முடியாதுங்க"ன்னு தினம் சொல்றோம். யாரும் பயந்து ஓடல, ஏன்னா நாங்க அதோட நிறுத்தறதில்ல, கஞ்சி, இளநீர் நிறைய குடிங்க, பாரசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை தொடாதீங்க, நாளைக்கு வந்து மறுபடி ரத்தம் கொடுங்க, காய்ச்சல் விட்ட அப்புறம் வயித்து வலி வந்தா நடுராத்திரியானாலும் கெளம்பி வந்துடுங்கன்னு சொல்லித்தான் அனுப்பறோம். எப்போ தெரியும், அதுவரைக்கும் என்ன செய்யணும்னு சொல்லிட்டா ஜனங்க தெளிவாத்தான் இருப்பாங்க. மைக்ல வந்த பொய் தைரியம்தான் அந்த மனுஷன அஞ்சாவது நாள் வேலைக்கு அனுப்புச்சு.

அட்ரஸ் தெரியலன்னா ஆட்டோக்காரர் டீக்கடையில நிறுத்தி கேக்கறாரு, அதுக்காக அவருக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு நாம எறங்கிப் போறோமா?

நாடாளுமன்ற நடைமுறையிலயே இதுக்கு வழி வச்சிருக்கு. லோக்சபாவுல கேள்வி நேரத்துக்கு குறைஞ்சது 15 நாள் முன்னாடி கேள்விய எழுதிக் கொடுக்கணும். எதுக்கு? மந்திரிக்கு மனப்பாடமா எல்லாம் தெரியாது, விசாரிச்சுட்டு வந்து சொல்லட்டும்னுதான். சபையில "விசாரிச்சு தகவல் சொல்றேன்"னு மந்திரி சொன்னா அது உறுதிமொழி கணக்குல ஏறிடும், 3 மாசத்துல நிறைவேத்தணும், பின்னாடியே துரத்தறதுக்கு அரசு உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு இருக்கு, நம்ம சட்டமன்றத்துலயும் இருக்கு. சபையில இருக்கற இந்த ஒழுங்கு தெருமுனை மேடையில ஏன் இல்ல?

1986ல இந்தியாவுல முதல் எச்ஐவி தொற்று கண்டுபிடிச்சது நம்ம சென்னை மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் டாக்டர் சுனிதி சாலமன் குழு. அப்போ தமிழ்நாட்டு சுகாதார மந்திரியா இருந்த எச்.வி.ஹண்டே அத மூடி மறைக்காம சட்டசபையிலயே அறிவிச்சாரு. அதே எச்ஐவிக்கு தென்னாப்பிரிக்காவுல என்னாச்சு? 2000 வாக்குல அதிபர் தாபோ எம்பெக்கி, எய்ட்ஸ் எச்ஐவியாலதான் வருதான்னே சந்தேகம் கெளப்பி மருந்து கொடுக்கறத இழுத்தடிச்சாரு. அதுல 3,30,000க்கும் மேல உயிர் போச்சுன்னு ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் பின்னாடி கணக்கு போட்டாங்க. தனக்குத் தெரியாத துறையில தெரிஞ்சவங்க பேச்ச கேக்காம இருந்ததுக்கு ஒரு நாடு கொடுத்த விலை அது.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், தன் கையெழுத்து போட்ட ஃபைல பத்தி கேட்டா "எனக்குத் தெரியாது"ன்னு நழுவறதுக்கு இது லைசென்ஸ் இல்ல. தெரியாததுக்கு தேதி போடணும், யார்கிட்ட கேக்கப் போறீங்கன்னு சொல்லணும், அந்த தேதியில வந்து நிக்கணும்.

தலைவர்கள் கூடவே இருக்கற உதவியாளர்களே, மேடை ஏறுறதுக்கு முன்னாடி மாநகராட்சி ஹெல்த் ஆபீசருக்கு ஒரு போன் போடுங்கய்யா. ரிப்போர்ட்டர் தம்பிங்களா, ஒருத்தர் நேர்மையா "பாத்துட்டு சொல்றேன்"னு சொன்னா அதுக்கு "திணறிய அமைச்சர்"னு தலைப்பு வைக்காதீங்க, உங்க கால்ல வேணா விழறேன், அந்த தலைப்புக்கு பயந்துதான் அடுத்த ஆளு வாய்க்கு வந்தத சொல்றாரு. நாளைக்கு மறக்காம திரும்பக் கேளுங்க, அது போதும். ஜனங்களே, காய்ச்சலுக்கு கட்சிக்காரங்க சொல்றத கேட்டு வீட்ல உக்காராதீங்க, சந்தேகம்னா அரசு மருத்துவ உதவி எண் 104க்கு அடிங்க, சென்னையில தெருவுல தண்ணி தேங்கி நின்னா மாநகராட்சி புகார் எண் 1913.