பத்துக்கு எட்டு என்றால் எண்பது சதவீதமா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மைதானத்து ஓரத்தில் நிற்கிற கோச் ஹோட்டல் மெனு கார்டு மாதிரி ஒரு பெரிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே முறைத்துப் பார்க்கிறாரே, அதில் அப்படி என்னதான் எழுதியிருக்கும்?"

அதில் இருப்பது நிகழ்தகவு. குறிப்பாக டிஃபென்ஸ் கோச்சின், அதாவது எதிரணியைத் தடுக்கிற ஆட்களுக்கான கோச்சின் அட்டையில். நாம் காலால் ஆடுகிற கால்பந்து இல்லை இது, முட்டை வடிவப் பந்தோடு மோதிக்கொள்கிற ஆட்டம். விதிகள் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர், அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், இல்லை எறியலாம். எது வரப்போகிறது என்பது எதிரில் நிற்கிற டிஃபென்ஸுக்குத் தெரியாது, ஆனால் அதற்குள் ஆட்களை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

யோசிக்க நேரமும் கிடையாது. ஒரு டவுன் முடிந்து அடுத்தது தொடங்க ஓடும் கடிகாரம் 40 விநாடி. 2024இல் வந்த விதிப்படி கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பிரிவில் ஒரு டிஃபென்ஸ் வீரரின் ஹெல்மெட்டுக்குள் கோச்சின் குரல் கேட்கலாம், ஆனால் கடிகாரம் 15ஐத் தொட்டதும் இணைப்பு அறுந்துவிடும். அதே ஆண்டு டேப்லெட்டுக்கும் அனுமதி கொடுத்தார்கள், அதிலும் நடக்கிற ஆட்டத்தின் வீடியோ மட்டும்தான், தரவு அலசும் மென்பொருள் கூடாது. ஆக, சனிக்கிழமை ஆட்டத்துக்கான கணக்கு எல்லாம் முன்பே முடிந்து அட்டையில் அச்சாகியிருக்க வேண்டும்.

கணக்கு எப்படி ஆரம்பிக்கிறது? எதிரணி கடைசியாக ஆடிய சில ஆட்டங்களின் வீடியோவை உதவியாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துக் குறித்துவைப்பார்கள். எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு, ஆட்கள் எந்த அமைப்பில் நின்றார்கள், ஓடினார்களா எறிந்தார்களா. கல்லூரி ஆட்டத்தில் இன்னொன்றும் முக்கியம்: பந்து எந்த ஹாஷ் கோட்டில் இருந்தது. மைதானத்தின் அகலம் 160 அடி. இரு ஓரத்திலிருந்தும் 60 அடி தள்ளி ஒரு வரிசைச் சிறுகோடுகள், இரண்டுக்கும் நடுவே 40 அடி. தொழில்முறை என்எஃப்எல்லில் இந்த இடைவெளி வெறும் 18.5 அடி என்பதால் பந்து ஏறக்குறைய நடுவிலேயே இருக்கும். கல்லூரியில் பந்து இடது ஹாஷில் இருந்தால் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி. அகலமான பக்கத்தில் ஓடவிட்டுத் துரத்துவதா, குறுகலான பக்கத்தில் நெருக்கிப் பிடிப்பதா என்பது டிஃபென்ஸ் கோச்சுக்குத் தினசரிக் கவலை.

இங்கேதான் சிக்கல் முளைக்கிறது. நான்கு ஆட்டம், ஆட்டத்துக்கு 70 பதிவு வீதம் வைத்தால் 280 பதிவுகள். முதல் மூன்று டவுன், மூன்று வகைத் தூரம், மூன்று ஹாஷ் நிலை, ஆறு அமைப்பு என்று பிரித்தால் 162 அறைகள். அறைக்கு இரண்டு பதிவுகூடத் தேறாது. ஊரெல்லாம் "பிக் டேட்டா" என்று பேசுகிற காலத்தில் இந்தக் கோச் கையில் இருப்பது சின்னஞ்சிறு டேட்டா. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே அதுதான்.

சரி, சில பிரிவுகளைச் சேர்த்து ஓர் அறையில் பத்துப் பதிவு வரும்படி செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் டவுன், இன்னும் நான்கிலிருந்து ஆறு யார்டு, பந்து ஹாஷில். பத்தில் எட்டு முறை எதிரணி ஓடியிருக்கிறது. உதவியாளர் அட்டையில் "80% ஓட்டம்" என்று சிவப்பு மையில் எழுதப் போகிறார். எழுதலாமா?

ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் எட்டு அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு 1024இல் 56, அதாவது ஐந்தரை சதவீதம். அரிதுதானே என்று தோன்றும். ஆனால் நம் உதவியாளர் ஒரே ஓர் அறையைப் பார்க்கவில்லை, பிரிவுகளைப் பல விதமாக மாற்றி மாற்றிச் சேர்த்து அறுபது அறைகளைப் பார்த்துவிட்டு அதில் கண்ணைப் பறிப்பதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார். எதிரணி எல்லாவற்றையும் நாணயம் சுண்டியே முடிவு செய்திருந்தாலும் அறுபதில் மூன்று அறை இப்படி மின்னத்தான் செய்யும்.

தீர்வு ரொம்ப அழகானது. இந்தச் சூழ்நிலையில் மற்ற அணிகளெல்லாம் சராசரியாக என்ன செய்கின்றன என்று பாருங்கள். பாதிக்குப் பாதி ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கண்ணால் பார்த்த பத்தோடு, பார்க்காத இருபது பதிவுகளைக் கற்பனையாகச் சேருங்கள், அதில் சராசரிப்படி பத்து ஓட்டம். மொத்தம் முப்பதில் பதினெட்டு, 60 சதவீதம். எண்பது, சராசரியை நோக்கி இழுக்கப்பட்டு அறுபதாகிவிட்டது. அதே எண்பது சதவீதம் நாற்பது பதிவில் 32 ஆக வந்திருந்தால்? இருபதில் பத்தைச் சேர்த்தால் அறுபதில் 42, அதாவது 70. ஆதாரம் கூடக் கூட இழுப்பு தளர்கிறது. விகிதம் ஒன்றாக இருந்தாலும் பத்தில் எட்டும் நாற்பதில் 32ம் ஒன்றல்ல.

இது சும்மா ஜாக்கிரதை உணர்ச்சியில் செய்வதல்ல. 1950களில் சார்ல்ஸ் ஸ்டைன் என்ற புள்ளியியலாளர் இதற்குக் கணித அடித்தளம் போட்டார். பிறகு எஃப்ரான், மாரிஸ் இருவரும் 1970 பேஸ்பால் சீசனில் 18 வீரர்கள் பந்தை அடிக்க இறங்கிய முதல் 45 வாய்ப்புகளை மட்டும் எடுத்து, மீதி சீசனை ஊகித்துக் காட்டினார்கள். அவர்களில் ஒருவரான ராபர்டோ கிளமென்டே 45 வாய்ப்பில் 18 முறை வெற்றிகரமாக அடித்தார், அதாவது 0.400. மீதி சீசனில் அவர் அடித்தது 0.346. பதினெட்டுப் பேரையும் சேர்த்துப் பார்த்தால், சராசரிப் பக்கம் இழுத்த ஊகங்களின் வர்க்கப்பிழை (பிழைகளை வர்க்கமாக்கிக் கூட்டியது), இழுக்காதவற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் குறைவு.

அந்தக் கற்பனை இருபது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும், கேட்டால்தான் நீங்கள் கவனித்துப் படிக்கிறீர்கள். அணிக்கு அணி உண்மையிலேயே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதிலிருந்து அது வருகிறது. எல்லாரும் ஒரே மாதிரி ஆடுகிற சூழ்நிலை என்றால் எண் பெரியது, ஆளுக்கொரு விதம் என்றால் சிறியது. எந்தச் சராசரி என்பதிலும் கவனம் வேண்டும். ராணுவக் கல்லூரி அணிகள் பரம்பரையாக ஓடிக்கொண்டே இருப்பவை, அவற்றை நாட்டுச் சராசரியோடு சேர்த்தால் கணக்கு நாறிவிடும். மறைந்த கோச் மைக் லீச் டெக்சாஸ் டெக், வாஷிங்டன் ஸ்டேட், மிசிசிப்பி ஸ்டேட் என்று எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் பந்தை எறிந்துகொண்டே இருந்தார். கல்லூரியில் வீரர்கள் சில வருடத்தில் வெளியேறிவிடுவார்கள், பழக்கம் தங்குவது ஓடுவதா எறிவதா என்று முடிவு சொல்கிற கோச்சிடம். அவர் முந்தைய வேலைகளில் என்ன செய்தார் என்பதே நல்ல சராசரி.

அறுபதா எண்பதா என்பதற்கு இவ்வளவு மல்லுக்கட்டு எதற்கு? விலை இருக்கிறது. 1971இல் வர்ஜில் கார்ட்டர் என்ற குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிற வீரர்), ஆமாம், ஆடிக்கொண்டிருந்த வீரரேதான், ராபர்ட் மேக்கோல் என்ற பேராசிரியரோடு சேர்ந்து மைதானத்தின் ஒவ்வொரு பகுதியிலும் பந்து இருப்பது எத்தனை புள்ளிக்குச் சமம் என்று கணக்கிட்டு ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். சொந்த எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்து கையில் இருந்தாலும் அதன் மதிப்பு எதிர்மறை என்பது அதில் வந்த ஒரு முடிவு. இந்தப் புள்ளி மதிப்பை வைத்து முடிவெடுக்கலாம். ஓட்டத்தைத் தடுக்க ஆட்களை முன்னால் குவிக்கிறோம். ஓடினால் நமக்கு 0.4 புள்ளி லாபம், எறிந்துவிட்டால் 0.7 நஷ்டம் என்று வைப்போம். லாபமும் நஷ்டமும் சமமாகிற இடம் சுமார் 64 சதவீதம். எண்பது என்று நம்புகிறவர் முன்னால் குவிப்பார், அறுபது என்று தெரிந்தவர் குவிக்க மாட்டார். அதே வீடியோ, அதே பத்துப் பதிவு, நேர் எதிரான இரண்டு முடிவு.

இவ்வளவு கணக்கு தெரிந்த உலகத்தில்தான் நம்பிக்கைகளும் கொழிக்கின்றன. மயாமி பல்கலைக்கழக அணி 2017இல் பந்தைப் பறிக்கிற வீரருக்குக் கழுத்தில் கனமான தங்கச் சங்கிலி மாட்டிவிட ஆரம்பித்தது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் கை நழுவித் தரையில் விழுந்த பந்தை எந்த அணி எடுக்கும் என்பது கிட்டத்தட்ட அதிர்ஷ்டம், முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. பந்தைத் தட்டிவிடுவது திறமை, பொறுக்குவது யோகம். ஒரு வருடம் யோகம் அடித்த டிஃபென்ஸ் கோச்சுக்குச் சம்பளத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் "போன வருஷ வெறி எங்கே போச்சு" என்று திட்டுவார்கள். பல மாநிலங்களில் அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியரே பல்கலைக்கழக அணியின் கோச்தான், ஆளுநர் இல்லை. அதே வளாகத்துப் புள்ளியியல் துறைக்கு அதில் ஒரு துளி ஒதுக்கினால் வீணாகாது என்பது என் கட்சி.

இன்னொரு தொல்லை பாக்கி இருக்கிறது. நாணயத்துக்கு நாம் எண்ணுவது தெரியாது, எதிரணிக்குத் தெரியும். அவர்களும் தங்கள் வீடியோவையே போட்டுப் பார்த்து, எந்த அறையில் தங்கள் குட்டு வெளிப்படுகிறது என்று கண்டுபிடித்து, சனிக்கிழமை அங்கே வேண்டுமென்றே மாற்றி ஆடுவார்கள். ஆட்டமில்லாத ஓய்வு வாரம் கிடைத்தால் இதுதான் முக்கிய வேலை. அதனால் அந்த வாரத்துக்கு முந்தைய பதிவுகளுக்கு எடை குறைக்க வேண்டும், ஏற்கெனவே முடிவு தெரிந்துபோன ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதிப் பதிவுகளுக்கு இன்னும் குறைக்க வேண்டும், அப்புறம் பத்து என்று நினைத்தது ஆறாகச் சுருங்கும், சராசரி இன்னும் பலமாக இழுக்கும். 70 சதவீதம் ஓட்டம் என்று உறுதியானாலும் ஒவ்வொரு தடவையும் ஆட்களை முன்னால் குவிக்க முடியாது, இரண்டாவது தடவையே தலைக்கு மேல் எறிந்துவிடுவார்கள். அட்டையில் ஒரே தலைப்பின் கீழ் இரண்டு மூன்று வெவ்வேறு டிஃபென்ஸ் உத்திகள் எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.