வீட்டில் இந்தச் சோதனை வேண்டாம்

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தந்தை வந்தார். மகன் ஹெரோயினை விட்டு எட்டு மாதம். “திருந்திவிட்டானா என்று பார்க்கத்தான் டாக்டர், மேசைமேல் அலுமினியத் தாளையும் லைட்டரையும் வைத்துவிட்டு வெளியே போனேன்” என்றார். ஹெரோயினை அந்தத் தாளில் வைத்துச் சூடாக்கித்தான் புகையை இழுப்பார்கள். பையன் அன்று தொடவில்லை. நான்காம் நாள் சம்பளம் வந்தது, வீடு திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள், நல்லவேளையாக உயிரோடு. இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் இது.

“நீங்களும் அதையேதானே காட்டுகிறீர்கள்?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. எதைப் பார்த்தால் ஆசை எழுகிறது என்று எங்கள் சிகிச்சையறையில் அளக்கிறோம். முதலில் நாற்காலி, பென்சில் போன்ற சாதாரணப் படங்களைக் காட்டி, ஆசை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை சொல்லச் சொல்கிறோம். பிறகு தாள், லைட்டர், தூள். விரலில் மாட்டிய கருவி வியர்வையையும் நாடித் துடிப்பையும் குறித்துக்கொள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்களுக்கு வேண்டியது. ஏறிய எண் இறங்கும்வரை ஆளை அனுப்ப மாட்டேன், கடைசி ஃபெரி போனாலும் சரி. உங்கள் மேசையருகே அப்படி யார் உட்கார்ந்திருந்தார்கள்?

எட்டு என்றால் திருட்டுப் பயல், பூஜ்யம் என்றால் யோக்கியன் என்ற கணக்கை மட்டும் தயவுசெய்து விடுங்கள். கீறிய மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவியிருக்கிறது. இதைப் படிக்கும்போதே உங்களுக்கு வாய் ஊறுகிறதே, மனவுறுதி இல்லாததாலா? உடம்பு பழகியதைச் செய்கிறது, அவ்வளவுதான். நாளானால் தானாக அடங்கிவிடும் என்பதும் தவறு. கொக்கேன் பழக்கிய எலிகளில், நிறுத்திய பின் இரண்டு மாதம்வரை அந்தத் தூண்டுதல் ஏறிக்கொண்டே போனதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. உண்மையில் எனக்குக் கவலை தருபவர், நாடி படபடக்கும்போதும் ‘பூஜ்யம்’ என்பவர்தான். அவர் பொய் சொல்லவில்லை. தன் உடம்பு சொல்வது அவருக்கே கேட்கவில்லை.

இந்த அளவீடு யார் மறுபடி விழுவார் என்று சோதிடம் சொல்லாது. எங்கே வழுக்கும் என்று காட்டும். ஒருவருக்குத் தூளின் படத்துக்கு 2. சாக்லேட் உறையைப் பிரிக்கும் சரசரப்புக்கு 9. அவருடைய மனைவி அன்றே சமையலறையிலிருந்து அலுமினியச் சுருளை எடுத்துவிட்டார். இதைத்தான் செய்ய வேண்டும்.

சம்பள நாளில், அவர் சம்மதித்தால், கூடப் போங்கள். பழைய வழியாக அனுப்பாதீர்கள். “ஆசையாக இருக்கிறது” என்று வாய்விட்டுச் சொன்னால் கத்தாதீர்கள். கத்தினால் அடுத்த முறை சொல்ல மாட்டார். இன்னொன்று: பல மாதம் விட்டவருக்குப் பழைய அளவு ஹெரோயின் மூச்சையே நிறுத்திவிடும். எழுப்பியும் எழவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். உடனே மலேசிய அவசர எண் 999ஐ அழையுங்கள்.

அந்தத் தந்தை நேற்று அழைத்தார். நடுஇரவில் மகன் தட்டி எழுப்பி, “அப்பா, ஏழு” என்றானாம். இருவரும் பாகான் ஆஜாம் கடற்கரைவரை நடந்து, ஆளுக்கொரு தே தாரிக் குடித்துத் திரும்பும்போது அந்த ஏழு மூன்றாகிவிட்டதாம்.