டேட்டா ஃபோல்டர் அழிந்துவிட்டதா? ரீஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள்

இரவு ஒன்பதரை இருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"அண்ணா, டிஸ்க் 95 சதவீதம் ஆயிருச்சுன்னு வார்னிங் வந்துச்சு. பழைய லாக் எல்லாம் அழிக்கலாம்னு போனேன். தப்பான ஃபோல்டர்ல நின்னு அழிச்சுட்டேன். மைஎஸ்க்யூஎல் டேட்டா ஃபோல்டரே காலியா இருக்குதுங்கண்ணா. ஆனா பில் இன்னும் போட முடியுது. ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம் தம்பி. கீபோர்டுல இருந்து கையை எடுங்க. நான் வர்றேன்."

மைஎஸ்க்யூஎல் என்பது அந்தக் கம்பெனியின் பில், கணக்கு எல்லாம் சேரும் டேட்டாபேஸ். அவர் கேட்காமல் ரீஸ்டார்ட் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. நடப்பு வருடத்துக் கணக்கு முழுவதும் போயிருக்கும்.

அந்த சர்வர் ஓடுவது லினக்ஸில். லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும்போது உடனே போவது அதன் பெயர் மட்டும்தான். வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டாலும் உள்ளே ஆள் குடியிருப்பதைப் போல, அந்தக் கோப்பை ஏதாவது ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளிருக்கும் தகவலை லினக்ஸ் விடுவிக்காது. கடைசி புரோகிராம் அதை மூடும் நொடியில்தான் இடம் காலியாகும். ரீஸ்டார்ட் செய்வது என்றால் மூடச் சொல்வது. அன்று நான் போய்ப் பார்த்தபோது அழித்த பிறகும் டிஸ்க் அதே 95 சதவீதத்தில் நின்றது. மனதுக்குத் தெம்பு வந்தது அதைப் பார்த்துத்தான். பிடித்திருக்கும் இடம் குறையவில்லை என்றால் டேட்டா இன்னும் உள்ளே இருக்கிறது.

முதலில் பில் போடுவதை எல்லா மேசையிலும் நிறுத்தச் சொன்னேன். வழக்கமாக உள்ளே நுழையும் சாக்கெட் கோப்பும் அழிந்திருந்ததால் அதே மெஷினையே குறிக்கும் 127.0.0.1 முகவரி வழியாக மைஎஸ்க்யூஎல்லுக்குள் போனோம். நினைவகத்தில் எழுதாமல் நிற்கும் மாற்றங்கள் எல்லாம் டிஸ்க்குக்கு இறங்கும்படி செட்டிங்கை மாற்றிவிட்டுக் காத்திருந்தோம். அப்புறம், ஓடும் புரோகிராம்களின் விவரத்தை லினக்ஸ் காட்டும் ப்ராக் (/proc) என்ற ஃபோல்டரில் மைஎஸ்க்யூஎல்லின் ப்ராசஸ் எண்ணைத் தேடி, அது திறந்து வைத்திருக்கும் கோப்புகளின் பட்டியலை எடுத்தோம். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'டெலீட்டட்' என்று இருந்தது. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அது நல்ல செய்தி என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. பட்டியலில் இருந்த கோப்புகள் ஒவ்வொன்றையும் பழைய பெயரிலேயே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்தோம். அதே டிஸ்க்கில் எழுதவே கூடாது.

நகல் முடிந்ததும் சர்வரை நிறுத்திவிடவில்லை. மீட்ட கோப்புகளை வேறொரு மெஷினில் வைத்து, மைஎஸ்க்யூஎல்லை அங்கே எழுப்பி, கடைசி பில் எண் மேசையில் இருந்த பிரின்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பழைய சர்வரில் கை வைத்தோம். அப்போது மணி இரண்டு.

எல்லாம் வந்துவிட்டதா? இல்லை. அன்று யாரும் திறக்காத இரண்டு பழைய வருட அட்டவணைகள் வரவில்லை. திறந்திருக்காத கோப்புக்கு இந்த வழி உதவாது. சரி, பேக்கப்பில் இருக்குமே என்று போனோம். தினமும் இரவு பேக்கப் ஓடுகிறது, தேதி வாரியாக வரிசையாகக் கோப்புகள் இருக்கின்றன. அளவைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 20 பைட். மூன்று மாதமாக 20 பைட்.

வெறுமையைச் சுருக்கினால், கோப்பைச் சுருக்கும் ஜிஸிப் என்ற கருவி கொடுக்கும் அளவு அதுதான். யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள், பேக்கப் ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. டம்ப் எடுக்கும் கட்டளை, அதாவது டேட்டாபேஸை ஒரே கோப்பாக எழுதித் தரும் கட்டளை, தோற்றது. ஆனால் அதன் பின்னால் குழாய்போல் இணைத்திருந்த ஜிஸிப் தன் வேலையைச் சரியாக முடித்தது. ஸ்கிரிப்ட் பார்ப்பது கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும்தான் என்பதால் தினமும் 'வெற்றி' என்றே பதிவானது. அந்த இரண்டு அட்டவணைகளையும் தாக்கல் செய்திருந்த ஜிஎஸ்டி விவரங்களிலிருந்தும் ஆடிட்டரிடம் இருந்த பிரதிகளிலிருந்தும் திரும்ப உருவாக்கப் பல நாள் ஆனது.

சின்னக் கம்பெனி, அதனால் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் கோடைச் சேமித்து வைக்கும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரவு வெகுநேரம் வேலை பார்த்த களைப்பில், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் போஸ்ட்கிரெஸ் (மைஎஸ்க்யூஎல் போன்ற இன்னொரு டேட்டாபேஸ்) ஃபோல்டரை அழித்துவிட்டார். நொடிகளில் நிறுத்திவிட்டார், ஆனால் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப் தேடினால், டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6 பதிப்பு. அதனால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான், அதாவது அந்த நேரத்து நிலையின் நகல்தான், காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துத் தகவல் திரும்பவில்லை. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள், அழித்தவர் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பண்பை நான் பெரிதாக மதிக்கிறேன். நம் ஊர் முதலாளிகளிடமும் இதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: திட்டு விழும் என்ற பயத்தில் பையன் சத்தமில்லாமல் ரீஸ்டார்ட் செய்துவிட்டால், மீட்க இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிடும்.

விண்டோஸில் டேலி போன்ற கணக்கு மென்பொருளின் டேட்டா அழிந்தால் கதை வேறு. ரீசைக்கிள் பின்னில் இல்லையென்றால் அந்த டிரைவில் வேலையை உடனே நிறுத்துங்கள். மீட்பு மென்பொருளை அதே டிரைவில் இன்ஸ்டால் செய்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அது எழுதும் இடம், உங்கள் பழைய கணக்கு இருந்த இடமாக இருக்கலாம். சாதாரண ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு. எஸ்எஸ்டி என்றால் ட்ரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைத் துடைக்கச் சொல்லிவிடும், பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

அந்தக் கம்பெனியில் இப்போது மூன்று நகல் இருக்கிறது. சர்வரில் ஒன்று, ஆபீஸில் வேறு டிஸ்க்கில் ஒன்று, வெளியூர் கிளவுடில் ஒன்று. ஆபீஸ் டிஸ்க்கை நகல் முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். எப்போதும் செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும் நாளில் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். சர்வரில் நடப்பதை உடனுக்குடன் அப்படியே செய்யும் இரட்டைச் சர்வர், ரெப்ளிகா, இருக்கிறதே என்று முதலாளி கேட்டார். இங்கே ஓர் அட்டவணையை நீக்கினால் அங்கேயும் சில நொடியில் நீங்கிவிடும் என்று சொன்னதும் புரிந்துகொண்டார். ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் பின்லாக் முன்பு அதே டேட்டா ஃபோல்டருக்குள் இருந்தது, அன்று சேர்ந்தே அழிந்தது. இப்போது வேறு டிஸ்க்குக்குப் போய்விட்டது. டம்ப் கோப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று இல்லாவிட்டாலும், அளவு நேற்றையதைவிடப் பாதியாகக் குறைந்தாலும் ஸ்கிரிப்ட் தம்பியின் ஃபோனுக்குச் சொல்லும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒரு பழைய டெஸ்க்டாப்பில் முந்தைய இரவு பேக்கப்பை அவரே மீட்டு எழுப்புகிறார். அதில் வரும் கடைசி பில் எண்ணையும், சர்வரில் அந்த இரவு பதிவான கடைசி பில் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவார். இந்த மாதமும் வந்தது. கீழே ஒரு வரி: "41 நிமிஷம் ஆச்சுங்கண்ணா."