பழைய கார் வாங்கும்முன் போன வருஷத்து பாலிசியைக் கேளுங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு ஒர்க் ஷாப்பில், முன்பக்கம் நசுங்கிய கார் ஒன்றைப் பார்வையிடப் போயிருந்தேன். பானெட் மடங்கி, ரேடியேட்டர் எஞ்சினோடு ஒட்டிக் கிடந்தது. ஓட்டிவந்தவர் பள்ளி ஆசிரியர். நெற்றியில் இரண்டு தையலோடு தப்பியிருந்தார். நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். சேதத்தை மதிப்பிட்டு, பேப்பர்களைச் சரிபார்த்து, கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது என் வேலை. ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். அதில் அவர் பெயர் இல்லை. பாலிசியிலும் இல்லை.

"வாங்கி நாலு மாசம்தான் சார் ஆகுது. பேர் மாத்திக் குடுக்கிறோம்னு சொன்னாங்க. ஸ்கூல் வேலையில நானும் அப்படியே விட்டுட்டேன்" என்றார்.

ரிப்பேருக்கு எஸ்டிமேட் 1,90,000 ரூபாய். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "ரெண்டு மணி நேரம் பேசி நாப்பதாயிரம் குறைச்சு வாங்கினோம் சார்" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கார் கைமாறும்போது பாலிசியின் தேர்டு பார்ட்டி பகுதி, அதாவது நம் காரால் அடுத்தவருக்கு நேரும் காயத்துக்கும் இழப்புக்குமான பகுதி, புது ஓனருக்குத் தானாகவே வந்துவிடும். நம் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி அப்படி வராது. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் அதைச் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. கிளெய்ம் தள்ளுபடியானது. பணம் முழுவதும் கையிலிருந்து போனது.

தெரிந்தவர்கள் பழைய கார் வாங்கப் போகும்போது என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு குறைச்சுக் கேக்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "போன வருஷ பாலிசியைப் பாத்தீங்களா?" என்று. பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். டயரைப் பார்த்திருப்பார்கள், ஏ.சி.யைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள்.

அந்தப் பேப்பரில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். ஒரு வருஷம் கிளெய்ம் எதுவும் வாங்காமல் இருந்தால், அடுத்த வருஷ ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து வாங்காமல் இருந்தால் அது 25, 35, 45 என ஏறி ஐந்து வருஷத்தில் 50 சதவீதத்தைத் தொடும். நடுவில் ஒரு கிளெய்ம் வாங்கினாலும் மறுபடி பூஜ்யம்தான். விற்பவர், "சிங்கிள் ஓனர், ஆறு வருஷமா ஒரு கீறல்கூட இல்ல" என்கிறார். பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்று இருக்கிறது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

பூஜ்யம் என்றாலே பெரிய விபத்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாலிசி காலாவதியாகி 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் போனஸ் போய்விடும். பம்பரில் யாரோ இடித்து ஒரு சின்ன கிளெய்ம் வாங்கியிருக்கலாம். காரணத்தைக் கேளுங்கள், பில்லைக் கேளுங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர் எடுத்துக் காட்டிவிடுவார். அப்புறம், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்த்த வண்டி என்றால், ஓனரையே கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். என்றைக்கு, எத்தனை கிலோமீட்டரில், என்ன வேலை செய்தார்கள் என்பது அவர்களின் பதிவில் இருக்கும். மீட்டரில் இப்போது 48,000 என்று ஓடுகிறது, இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜாப் கார்டில் 71,000 என்று இருக்கிறது என்றால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ரிப்பேர் செலவு, காரின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்தக் காரை டோட்டல் லாஸ் என்று எழுதுவோம். ஐ.டி.வி. 4 லட்சம் என்றால், ரிப்பேர் 3 லட்சத்தைத் தாண்டும்போது அந்த நிலை வரும். ஓனருக்குக் காப்பீட்டுத் தொகை போய்விடும். சிதைந்த வண்டி சால்வேஜாக ஏலத்தில் விலை போகும். எல்லாம் உடைத்து உதிரி பாகமாக விற்கப்படுவதில்லை. சிலவற்றை மலிவாக எடுத்து, வேறு வண்டியின் முன்பாதியை ஒட்டி, டிங்கரிங் பார்த்து, பளபளவென்று பெயின்ட் அடித்து மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நான் டோட்டல் லாஸ் என்று கையெழுத்துப் போட்ட ஒரு காரை, எட்டு மாதம் கழித்து விற்பனைக்கு நிற்க வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இப்படித் தேற்றிய வண்டிகளில் என்னை மிகவும் பயமுறுத்துவது ஏர்பேக். ஒருமுறை வெடித்த ஏர்பேகை மாற்ற நிறையச் செலவாகும். அதனால் உள்ளே ஒன்றும் வைக்காமல் மூடியை மட்டும் ஒட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். டாஷ்போர்டில் எரிய வேண்டிய எச்சரிக்கை விளக்கைக் கழற்றிவிடுவார்கள், அல்லது வேறொரு விளக்கோடு சேர்த்து ஒயரை இணைத்துவிடுவார்கள். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகு ஆயில் விளக்கோ பேட்டரி விளக்கோ அணையும் அதே நொடியில்தான் இதுவும் அணைகிறது என்றாலும், ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டாமல் அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

வெளியே பார்க்க வேண்டியதும் கஷ்டமில்லை. பானெட்டைத் திறந்து, கீல்களிலும் ஃபெண்டரிலும் உள்ள போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்ட போல்ட்டின் விளிம்பில் பெயின்ட் உரிந்திருக்கும். கதவு ஓர ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுத்தால் ஃபேக்டரியில் வைத்த வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக, வட்டமாகத் தெரியும். கையால் வைத்தது கோணல்மாணலாக இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடித்தளத்தையும் பாருங்கள். கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்புக் குறி இருக்கும். எல்லாம் ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வருஷமாக இருக்க வேண்டும். முன் கண்ணாடி மட்டும் வேறு என்றால் கல் பட்டு மாற்றியதாகவும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கவலை, தண்ணீர் புகுந்த வண்டி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்தது. தாமிரபரணி பொங்கி திருநெல்வேலி சந்திப்பு வட்டாரம் தண்ணீரில் நின்றது. அதற்கடுத்த வாரங்களில் நான் பார்த்த கார்களில் சிலவற்றின் ஸ்டீயரிங் வரை சேறு. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையிலும் இதே கதி. அந்த வண்டிகளில் ஒரு பகுதி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவிக் காயவைத்து சீட் கவர் மாற்றிவிட்டால் பார்வைக்குத் தெரியாது. எலக்ட்ரிகல் கோளாறு ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துத்தான் ஒவ்வொன்றாகக் கிளம்பும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சுருண்டு உள்ளே இருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போல ஓடும் ரெயிலின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, கார்பெட்டுக்கு அடியில் மண் படிந்திருக்கிறதா, ஃபியூஸ் பாக்ஸில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். காருக்குள் சென்ட் வாசம் தூக்கலாக இருந்தால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பத்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள். ஈரத் துணி வாடை மேலே வந்துவிடும்.

இனி பேப்பர். வாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் ஆப்பிலோ வண்டி நம்பரைப் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் தளத்தில் நிலுவை அபராதத்தையும் பாருங்கள். லோன் கட்டி முடித்துவிட்டேன் என்று விற்பவர் சொல்வார். ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வண்டி லோனில் இருக்கிறது என்ற குறிப்பு, கேன்சல் ஆகாதவரை பதிவேட்டின்படி வண்டி மேல் பேங்குக்கு உரிமை இருக்கிறது. ஆட்சேபணை இல்லை என்று பேங்க் தரும் என்.ஓ.சி.யும், எச்.பி.யை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் கைக்கு வரட்டும். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அதுதான் ஆசிரியருக்கு வினையானது.

விற்பவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. 2007-ல் ஒருவர் காரை விற்றார். அது கைமாறிக்கொண்டே போனது, ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ல் விபத்து. 2018-ல் சுப்ரீம் கோர்ட், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி ஓனர், இழப்பீட்டுக்குப் பொறுப்பு அவருடையது என்று தீர்ப்புச் சொன்னது. உங்கள் பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும், ஆட்டோ கன்சல்டிங்கில் விட்டாலும், பெயர் மாறிய ஆர்.சி. நகல் வரும் வரை விடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. அந்தச் சான்றைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

பாண்டிச்சேரி நம்பர், டெல்லி நம்பர் வண்டிகள் மலிவாக வரும். டெல்லியில் பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அவை தெற்கே வருகின்றன. இங்கே வந்தால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும், நம்பர் மாற்ற வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகும் மலிவாக இருந்தால் யோசிக்கலாம்.

விலையைப் பற்றி ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. முன்பு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் இருந்தது. "நான் இத்தனை லட்சம் குடுத்து வாங்கினேன்" என்று விற்பவர் சொல்லும் பழைய ஆன்ரோடு விலையிலிருந்து பேரத்தைத் தொடங்காதீர்கள். அதே மாடல் புதுசு இன்று என்ன விலை என்பதிலிருந்து தொடங்குங்கள்.

புது கார் வாங்குபவர்களுக்குச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18. 9.9 லட்சம் காருக்கு வரி 1,28,700 ரூபாய், 10.1 லட்சம் காருக்கு 1,81,800. விலையில் 20,000 வித்தியாசத்துக்கு வரியில் மட்டும் 53,100 கூடுகிறது. மேல் வேரியன்ட்டுக்கு ஆசைப்படும்முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். 10 லட்சத்துக்கு மேல் 1 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். ஷோரூம் சொல்லும் இன்சூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியே விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள். பதிவுக்குப் போகும்முன் வண்டியை நேரில் பார்த்து, தயாரிப்பு மாதத்தைச் சரிபாருங்கள். ஜனவரியில் வாங்கும் கார் போன வருஷத் தயாரிப்பாக இருந்தால் நாளைக்கு விற்கும்போது ஒரு வயது கூடுதல். அதற்கான தள்ளுபடியை இன்றே கேட்டு வாங்குங்கள்.

போன மாதம் ஒரு நர்ஸ் தன் அப்பாவோடு வந்தார். பார்த்து வைத்திருந்த கார் நன்றாகத்தான் இருந்தது. பாலிசியில் போனஸ் பூஜ்யம். விற்பவரிடம் கேட்டதும், "அண்ணாச்சி, வீட்டுக் கேட்டுல ரிவர்ஸ் எடுக்கும்போது டிக்கி கதவு போச்சு" என்று சொல்லி ஃபைலிலிருந்து பில்லை எடுத்து அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நீட்டினார். டிக்கி கதவைப் பார்த்தேன், பில்லோடு ஒத்துப்போனது. வேறெங்கும் வேலை பார்த்த தடமில்லை. விலையில் 5,000 மட்டும் குறைத்தார்கள். ஃபார்ம் 29, 30-ல் அன்றைய தேதியோடு கையெழுத்தானது. அதன் நகலை வைத்து அன்றைக்கே இன்சூரன்ஸ் மாற்றத்துக்கும் விண்ணப்பித்தார்கள். 25,000 ரூபாயை மட்டும் பிடித்து வைத்து, ஆர்.சி.யில் பெயர் மாறியதும் தருவதாக ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். போன வாரம் ஆர்.சி. வந்தது. அந்தப் பெண் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, மீதிப் பணத்தை விற்றவருக்குக் கட்டினார்.