கார்போகரிசிக்குள் ஒரு வெளிச்சப் பூட்டு

"சீரம் புட்டியில் பாகுச்சியோல் என்று போட்டிருக்கிறது. அது கார்போகரிசியிலிருந்துதான் வருகிறதாம். அப்படியானால் கார்போகரிசியையே அரைத்து முகத்தில் பூசிக்கொள்ளலாமே?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் தயவுசெய்து பூச வேண்டாம். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால், எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வேதிவினையில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

கார்போகரிசி மிளகைவிடச் சின்னது. கறுத்து, சிறுநீரக வடிவில் இருக்கும். சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் வெண்புள்ளிக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் விதை இது. இதிலுள்ள பல பொருள்களில் நமக்கு இரண்டு போதும்: சோராலென், பாகுச்சியோல்.

முதலில் சோராலென். டி.என்.ஏ. ஒரு முறுக்கிய ஏணி என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த ஏணியில் படிக்கும் படிக்கும் நடுவே 0.34 நானோமீட்டர்தான் இடைவெளி. சோராலென் மூன்று வளையங்கள் ஒட்டிக்கொண்ட தட்டையான மூலக்கூறு. சீட்டுக்கட்டுக்குள் இன்னொரு சீட்டைச் செருகுவது போல, படிகளைக் கொஞ்சம் விலக்கிவிட்டு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். இருட்டில் அதனால் பெரிய தொந்தரவு இல்லை. உட்காரும், எழுந்து போய்விடும்.

வெயில் பட்டால்தான் கதை மாறுகிறது. வெயிலில் உள்ள புறஊதா ஏ கதிரின் ஒரு ஃபோட்டானை, அதாவது ஓர் ஒளித்துகளை, உறிஞ்சியதும், சோராலெனின் ஒரு முனை பக்கத்திலுள்ள தைமினோடு (ஏணிப்படிகளை ஆக்கும் பொருள்களில் ஒன்று) வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. இனி எழுந்து போக முடியாது. எந்த முனை ஒட்டியது என்பதைப் பொறுத்து, மீதி மூலக்கூறுக்கு இன்னும் வெளிச்சத்தைப் பிடிக்கும் திறன் இருக்கும். அப்போது இரண்டாவது ஃபோட்டான் வந்தால் மறுமுனையும் எதிர் இழையின் தைமினைப் பிடித்துக்கொள்கிறது. ஏணியின் இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்தாயிற்று! செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏ. ஜிப் திறப்பது போலத் திறக்க வேண்டும். தையல் விழுந்த இடத்தில் ஜிப் சிக்கி நின்றுவிடும். ஒரு பூட்டு, அதற்கு இரண்டு திருப்பு, சாவி வெளிச்சம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

செடிக்கு இது ஆயுதம். சோராலென் குடும்பப் பொருள்கள் உள்ள இலையைத் தின்றுவிட்டு வெயிலில் திரியும் பூச்சிக்கு ஆபத்து. ஒளியால் முடுக்கப்படும் இப்படிப்பட்ட நஞ்சுகளைச் சமாளிக்க, சில புழுக்கள் இலையை நூலால் சுருட்டிக் கட்டி, உள்ளே இருட்டில் உட்கார்ந்து தின்கின்றன.

மனிதர்கள் இந்தப் பூட்டை மருந்தாக்கினார்கள். 1940-களில் எகிப்தில் வேறொரு செடியிலிருந்து எடுத்த சோராலென் வகையை வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1974-ல் அதையே புறஊதா ஏ விளக்கோடு சேர்த்து, தோல் செல்கள் தறிகெட்டுப் பெருகும் சொரியாசிஸுக்குப் பயன்படுத்தினார்கள். வெண்புள்ளியில் நிறம் திரும்பும் விதம் அழகானது. முடிக்கால்களுக்குள் தங்கியிருக்கும் நிறமி செல்கள் விழித்து மேலேறி வருவதால், வெள்ளைத் திட்டுக்குள் ஒவ்வொரு முடியைச் சுற்றியும் ஒரு சின்னப் பழுப்புப் பொட்டு முதலில் தோன்றும். அப்புறம் பொட்டுகள் விரிந்து ஒன்றோடொன்று சேரும். (வெண்புள்ளி தொழுநோய் அல்ல, தொற்றாது, யாருடைய பாவமும் அல்ல. இன்றைக்கும் இதைச் சொல்லி ஒரு கல்யாணம் நிற்கிறது என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.) ஆனால் நீண்டகாலம் இந்தச் சிகிச்சை எடுத்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயம் கூடுவதும் தெரிந்தது. மருத்துவர் அளவு பார்த்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

சரி, பாகுச்சியோல்? அது தட்டையானது அல்ல. ஒரே ஒரு வளையமும் நீண்ட வாலும் கொண்ட எண்ணெய்ப் பொருள். டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொள்ளும் உருவமே அதற்கு இல்லை. 1966-ல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தார்கள். 2014-ல்தான், தோல் சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலுக்கு உருவத்தில் சம்பந்தமே இல்லாத இது, தோல் செல்களின் மரபணுக்களில் ரெட்டினாலைப் போலவே விளைவுகளை உண்டாக்குகிறது என்ற ஆய்வு வெளிவந்தது. பிறகு இந்த இரண்டையும் 44 பேரிடம் 12 வாரம் ஒப்பிட்டார்கள். சுருக்கமும் கருமையும் இரண்டிலும் ஒரே அளவில் குறைந்தன. ரெட்டினால் பூசியவர்களுக்குத்தான் தோல் உரிதலும் எரிச்சலும் அதிகம்.

நல்ல செய்திதான். ஆனால் 44 பேர் போதாது. இந்த மண்ணின் விதை, இங்கேயே பிரித்த மூலக்கூறு. தோலில் அது என்ன செய்கிறது என்று பார்க்க அரை நூற்றாண்டு போய்விட்டது. மூலிகைப் பெருமை பேசுகிற நேரத்தில் ஒரு பகுதியை, ஆயிரம் பேரை வைத்து ஒழுங்காக நடத்தும் ஒரு சோதனைக்குப் பணம் ஒதுக்குவதில் செலவிடலாம்.

சீரத்துக்குப் போகும் பாகுச்சியோலிலிருந்து சோராலெனை நீக்கிச் சுத்தப்படுத்துகிறார்கள். அம்மியால் அது முடியாது. அரைத்த விழுதில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பூசிக்கொண்டு வெயிலில் போனால் உடனே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து கொப்புளிக்கும். அது ஆறிய இடத்தில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கலாம்.

"ராத்திரி பூசி காலையில் கழுவிவிட்டால்?" என்றும் கேட்டிருந்தார். கழுவும்போது போவது மேலே இருப்பது மட்டும்தான். தோலுக்குள் இறங்கியது பல மணி நேரம் தங்கும். வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாலும் ஆபத்து நீங்கிவிடாது. ஜன்னல் கண்ணாடி புறஊதா பி கதிரைத்தான் பெரும்பாலும் தடுக்கிறது. ஏ கதிர் அதன் வழியே உள்ளே வந்துவிடும்.