பூனைக்கு வந்த சர்க்கரையும் எலியின் மூன்று புரோலின்களும்

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “எங்கள் பூனைக்குப் பத்து வயது. போன வாரம் சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார்கள். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அதற்கு இதுவரை ஒரு துளி இனிப்புகூடக் கொடுத்ததில்லை. அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை, மாத்திரையிலேயே ஓடுகிறது. பூனைக்கு மட்டும் எடுத்த எடுப்பில் ஊசியா? அதைவிட ஆச்சரியம், சில மாதங்களில் ஊசியை நிறுத்தவும் வாய்ப்பிருக்கிறது என்கிறார் டாக்டர். எங்களைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரா?”

இல்லை, உண்மையைத்தான் சொல்கிறார். ஏன் ஊசி, ஏன் நிறுத்த முடியலாம் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. நானும் ஒரு சர்க்கரைப் பூனையை வளர்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டி முழக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ‘இனிப்பே கொடுத்ததில்லை’. கொடுத்திருந்தாலும் பூனைக்குத் தெரிந்திருக்காது. இனிப்பை உணரும் ஏற்பிக்கு இரண்டு பாகங்கள் வேண்டும். அதில் ஒன்றுக்கான மரபணு பூனை இனத்தில் என்றோ சிதைந்துபோய் வேலை செய்யாமல் கிடக்கிறது. அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2005இல் இதைக் கண்டுபிடித்தார்கள். புலிக்கும் இதே கதிதான். வேட்டையாடித் தின்னும் உடம்பு அது. புரதத்திலிருந்தே கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்துக்கொள்ளும், உணவிலிருந்து மாவுச்சத்து மொத்தமாக வந்து இறங்கினால் சமாளிக்க அவ்வளவாகத் தெரியாது. அதனால் குற்றவாளியைத் தேட வேண்டுமென்றால் இனிப்பை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். வயது, கருத்தடை செய்த ஆண் பூனை, வீட்டுக்குள்ளேயே சோம்பிக் கிடக்கும் வாழ்க்கை, வேறு நோய்க்காகக் கொடுத்த ஸ்டீராய்டு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. வளர்த்தவரின் பாவக்கணக்கு அதில் இல்லை.

இனி உள்ளே போவோம். கணையத்தில் லாங்கர்ஹான் திட்டுகள், அவற்றில் பீட்டா செல்கள், அவை சுரக்கும் இன்சுலின் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உடம்பில் கொழுப்பு ஏறினால் இன்சுலினுக்குச் செல்கள் சரியாகச் செவி சாய்ப்பதில்லை. பீட்டா செல்கள் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கின்றன, ஒரு கட்டத்தில் முடியாமல் போகிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராமைத் தாண்டியதும் பூனையின் சிறுநீரகம் அதைத் தடுத்து வைக்க முடியாமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. குளுக்கோஸ் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாவதும், கழிவுத் தட்டில் மணல் கட்டிகள் பெரிதாவதும், நன்றாகத் தின்றும் இளைப்பதும் இதனால்தான். கவனிக்காமல் விட்டால் பின்னங்கால் நரம்புகள் கெட்டு, விரல்களால் நடக்க வேண்டிய பூனை குதிகால் வரை தரையில் பதிய நடக்கும்.

இதுவரை சொன்னது நம் வீட்டுப் பெரியவர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் கதையேதான். நாய்க்கு வருவது பெரும்பாலும் வேறு வகை: பீட்டா செல்கள் அழிந்துவிடும், ஆயுளுக்கும் இன்சுலின். பூனைதான் நம் நோயை நம் வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. ஒற்றுமை அதோடு நிற்பதில்லை.

பீட்டா செல் இன்சுலினை மட்டும் அனுப்புவதில்லை. அதே பொட்டலத்தில் அமைலின் என்ற இன்னொரு ஹார்மோனையும் வைத்துத்தான் அனுப்பும். வெறும் 37 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம். வயிறு சீக்கிரம் காலியாகாமல் பார்த்துக்கொள்வது, போதும் என்று மூளைக்குச் சொல்வது போன்ற நல்ல வேலைகள்தான் அதற்கு. சிக்கல், அளவு கூடும்போது வருகிறது. இன்சுலினை அதிகமாகச் சுரக்கச் சொல்லி உடம்பு விரட்டினால் அமைலினும் கூடவே அதிகமாக வெளிவரும். நெருக்கத்தில் இந்தச் சரங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தட்டையாகப் படுத்து, ஒட்டி, இழையாகி, இழைமேல் இழையாக இறுகும். இதற்குப் பெயர் அமைலாய்டு. இழைகள் உருவாகும் முன்னரே, சிறு கொத்துகளாக இருக்கும் நிலையிலேயே பீட்டா செல்லின் சவ்வைக் காயப்படுத்தக்கூடியவை இவை.

சர்க்கரை நோயில் செத்த ஒரு பூனையின் கணையச் சீவலை நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டிய திட்டு, உறைந்த கஞ்சி ஊற்றிய மாதிரி வெறிச்சென்று கிடந்தது. ஓரங்களில் மட்டும் சில செல்கள் ஒண்டிக்கொண்டிருந்தன. காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, முனைவாக்கிய ஒளியில் வைத்து வடிகட்டியைத் திருப்பினால் அந்தக் கஞ்சி பளிச்சென்று ஆப்பிள் பச்சையில் மின்னும். அத்தனை இழைகளும் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதன் அத்தாட்சி அந்தப் பச்சை. நோய் என்பதை மறந்து கொஞ்ச நேரம் அழகில் மயங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மனிதக் கணையத்தில் இந்தப் படிவை அமெரிக்க நோயியல் மருத்துவர் யூஜின் ஓபி 1901லேயே விவரித்துவிட்டார். எதனால் ஆனது என்று தெரியத்தான் எண்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1987இல் ஸ்வீடனில் பெர் வெஸ்டர்மார்க்கின் குழுவினர் இன்சுலின் சுரக்கும் மனிதக் கட்டி ஒன்றிலிருந்தும் சர்க்கரை நோய் வந்த பூனையின் கணையத்திலிருந்தும் அதைப் பிரித்தெடுத்து, இரண்டும் ஒரே புரதம் என்று காட்டினார்கள். நம் கணையத்தை மூச்சுத் திணற வைப்பது எது என்ற துப்பறிதலில் பூனையும் ஒரு சாட்சி.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். எலிக்கு இந்தப் படிவு வருவதில்லை. சர்க்கரை நோயே வராது என்றில்லை, எத்தனை கொழுத்தாலும் எலியின் அமைலின் இப்படி ஒட்டிக்கொள்ளாது. ஏன் என்று மூன்று பிராணிகளின் சரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். 24ஆம் இடம் முதல் 28ஆம் இடம் வரை மனிதனுக்கும் பூனைக்கும் ஐந்து மணிகளும் அச்சு அசலாக ஒன்றே: கிளைசின், அலனின், ஐசோலூசின், லூசின், செரின். எலியிலோ 25, 28, 29 ஆகிய மூன்று இடங்களில் புரோலின் உட்கார்ந்திருக்கிறது.

புரோலின் கொஞ்சம் முரட்டு அமினோ அமிலம். மற்றவற்றின் பக்கக் கிளை வெளியே தொங்கும், இதன் கிளையோ திரும்பி வந்து சரத்தின் முதுகெலும்பிலேயே ஒட்டி வளையமாகியிருக்கும். அதனால் அந்த இடத்தில் சரம் இஷ்டப்படி திரும்பாது, விறைத்து மடங்கி நிற்கும். பக்கத்துச் சரத்தோடு கைகோக்கத் தேவையான ஹைட்ரஜனும் அங்கே இருக்காது. தட்டையான பலகைகளை எவ்வளவு உயரமும் அடுக்கலாம். ஒவ்வொரு பலகையிலும் மூன்று இடத்தில் ஆணி துருத்திக்கொண்டிருந்தால் அடுக்கு நிற்குமா? எலியின் கணையம் தப்பிப்பது அந்த மூன்று ஆணிகளால்.

இதை வைத்து மருந்தே செய்துவிட்டார்கள். மனித அமைலினை அப்படியே மருந்தாக்கினால் குப்பியிலேயே ஒட்டிக்கொள்ளும். எலியிடமிருந்து அந்த மூன்று புரோலின்களைக் கடன் வாங்கி அதே இடங்களில் பொருத்தினார்கள். பிராம்லின்டைடு என்ற அந்த மருந்துக்கு 2005இல் அமெரிக்காவில் மனிதர்களுக்காக அனுமதி கிடைத்தது. ‘பூனையின் கணையப் புரதத்தையும் எலியின் கணையப் புரதத்தையும் ஒப்பிடப் போகிறேன், பணம் கொடுங்கள்’ என்று ஒருவர் விண்ணப்பம் போட்டால், ‘இதனால் மக்களுக்கு உடனடிப் பயன் என்ன’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்? அந்தக் கட்டத்தை நிரப்பத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பணம் என்று நாம் இப்போது நடந்துகொள்ளும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. போகட்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்பா சாப்பிடும் மாத்திரை எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பழைய சர்க்கரை மாத்திரைகளில் ஒரு வகை, களைத்த பீட்டா செல்லை உலுக்கி இன்சுலினைக் கக்க வைக்கும். பூனைக்கும் அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இன்சுலினைக் கக்கும்போது அமைலினும் சேர்ந்துதானே வரும்? படிவுக்கு எரிபொருள் ஊற்றியது போலாகும் என்ற பயம் அதில் உண்டு. ஊசி நேர் எதிரானது. இன்சுலின் வெளியிலிருந்து வருகிறது, பீட்டா செல்லுக்கு விடுப்பு.

அந்த விடுப்பு ஏன் முக்கியம் என்றால், ஏறிய சர்க்கரையே பீட்டா செல்லுக்கு நஞ்சு. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான பூனைகளுக்கு 10 நாள் குளுக்கோஸ் ஏற்றி ரத்தச் சர்க்கரையை உயர்த்தியே வைத்திருந்தார்கள். அந்தச் சில நாட்களிலேயே இன்சுலின் சுரப்பு சரிந்தது. அதாவது, நோய் கண்டுபிடித்த அன்று வேலை செய்யாத செல்கள் எல்லாம் செத்த செல்கள் இல்லை. பல மயங்கிக் கிடப்பவை. சர்க்கரையைச் சீக்கிரம் இறக்கினால் அவற்றில் சில எழுந்துவிடும். போதுமான அளவு எழுந்தால் ஊசி தேவைப்படாது. உங்கள் டாக்டர் சொன்னது இதைத்தான். படிவு அதிகமாகச் சேர்ந்துவிட்ட பூனைக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை, அதனால்தான் ஆரம்பத்தில் கண்டிப்பு. கசப்பாக எதையாவது அரைத்துக் கொடுத்துப் ‘பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால், வீணாவது அந்த ஆரம்ப வாரங்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வரும்.

கைப்பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூனை தின்றுகொண்டிருக்கும்போது முதுகுத் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அடிவாரத்தில் ஊசியைச் செருக வேண்டும். என் முதல் ஊசி கூடாரத்தின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. ரோமம் நனைந்திருந்தது, முகர்ந்தால் ஆஸ்பத்திரி வாடை. இன்சுலினில் பதப்படுத்தக் கலக்கும் கிரெசாலின் வாடை அது. அப்படி ஆனால் மறுபடி போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. ஒரு வேளை மருந்து தவறுவதைவிட இரட்டை மருந்து ஆபத்து.

சிரிஞ்சையும் பாருங்கள். ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்கான சிரிஞ்சில் 100ஐ இழுத்தால் ஒரு யூனிட் என்று நினைத்து இரண்டரை யூனிட் போட்டுவிடுவீர்கள். உணவை மாவுச்சத்துக் குறைந்ததாக மாற்றுவதும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். உணவு மாறி, ஊசி அளவு மாறாவிட்டால் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கும். தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை தெரிந்தால் தேனோ குளுக்கோஸ் கரைசலோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வீட்டிலேயே அளப்பது நல்லது. காது மடலின் ஓரத்தில் ஒரு சிறு ரத்தநாளம் ஓடும். காதைக் கையில் வைத்துச் சூடேற்றிவிட்டுக் குத்தினால் கடுகளவு ரத்தம் வரும், அது போதும். மருத்துவமனையில் எடுக்கும் அளவு பூனை விஷயத்தில் ஏமாற்றும். பயத்திலேயே ஆரோக்கியமான பூனைக்கும் சர்க்கரை எகிறும். அதனால்தான் முந்தைய இரண்டு வாரச் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமைன் சோதனையைக் கேட்கிறார்கள். இன்னொன்று, மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். நம் ரத்தத்தில் குளுக்கோஸ் பிளாஸ்மாவிலும் சிவப்பணுக்களிலும் பங்கு போட்டு இருக்கும், பூனைக்கோ கிட்டத்தட்ட எல்லாம் பிளாஸ்மாவில்.

பூனைக்கும் மாத்திரை வந்துவிட்டதே என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். சிறுநீரகம் குளுக்கோஸை வெளியே விடும்படி செய்யும் பெக்சாகிளிஃப்ளோசின் 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லாப் பூனைக்கும் அது ஒத்துவராது. சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே, கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம், எனவே தேர்வு டாக்டருடையது.

என் பூனைக்கு நான்காவது மாதத்தில் ஊசி நின்றது. அதன்பின் இரண்டு வருஷம் இன்சுலின் இல்லாமல் நன்றாகவே இருந்தது. ஒருநாள் காலையில் தண்ணீர்க் கிண்ணம் வற்றிக் கிடந்தது. குளுக்கோமீட்டரைத் தேடி எடுத்தேன், பேட்டரி தீர்ந்திருந்தது.